ட்ரிகருக்கு எத்தனை கிராம்? இரண்டு கேள்விகளுக்கு ஒரு பதில்



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு சாவகாசமாகப் படியுங்கள். ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளைகளும் துப்பாக்கியும் ஒன்றாக இருக்கிறவர்கள், அதாவது வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர், இன்றைக்கே படித்துவிடுங்கள்.

இந்த மாதம் இரண்டு பேர் என்னிடம் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவன் 1996-ல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். அவன் மகள் எட்டாவது படிக்கிறாள், ஏர் பிஸ்டல் பயிற்சிக்குப் போகிறாள். "சார், பிஸ்டல் ட்ரிகர் ரொம்ப டைட்டா இருக்குன்னு பாப்பா சொல்றா. 350 கிராமுக்குக் குறைச்சுத் தர்றேன்னு ஒருத்தர் சொல்றாரு. குறைக்கலாமா?" என்று கேட்டான்.

இன்னொருவன் என் தங்கை மகன். ஹூஸ்டனில் இருக்கிறான். வீட்டுப் பாதுகாப்புக்கு என்று ஒரு பிஸ்டல் வாங்கியிருக்கிறான். "மாமா, ட்ரிகர் ஹெவியா இருக்கு. வேற ஸ்ப்ரிங் போட்டா பாதியாயிடுமாம். சுடறதுக்கு வசதியா இருக்கும்ல?" என்றான். அவனுக்கு நாலு வயதில் ஒரு மகன் இருக்கிறான்.

கேள்வி ஒன்றுதான். ஆனால் பதில் இரண்டு. ஏன் இரண்டு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

இயற்பியல் வாத்தியாருக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று நம் குடும்பத்துக்குப் புதிதாக வந்த மருமகள்கள் கேட்கலாம். பள்ளியில் பதினெட்டு வருடம் நான்தான் என்.சி.சி. ஆபீசர். வருடா வருடம் கேம்ப், ஃபைரிங். .22 ரைஃபிளோடு பையன்களைப் படுக்க வைத்து, "ஃபர்ஸ்ட் புல், செகண்ட் புல்" என்று கத்தி என் தொண்டை போனது அந்த மைதானங்களில்தான். ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ரைஃபிள் கிளப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு உதவியாக நிற்கிறேன். அந்த அனுபவத்தையும், வகுப்பில் சொல்லிக் கொடுத்த விசை, திருப்புத்திறன், நிலைமம் ஆகியவற்றையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில், "ட்ரிகர் எடை" என்றால் என்ன?

நம் ஊர்ப் பெரியவர்கள் துப்பாக்கியின் இந்தப் பகுதியைக் "குதிரை" என்பார்கள். இந்தியிலும் "கோடா", அதே குதிரைதான். புத்தகத் தமிழில் விசை. அதை விரலால் பின்னுக்கு இழுத்து, உள்ளே பிடித்து வைத்திருக்கும் கொக்கி விடுபடும் வரை எவ்வளவு விசை தேவையோ அதைத்தான் ட்ரிகர் எடை என்கிறோம். கிராமில் சொல்வது பழக்கம். அமெரிக்காவில் பவுண்டு. ஒரு பவுண்டு சுமார் 454 கிராம். வகுப்பில் நான் சொன்னது நினைவிருக்கும்: கிராம் நிறை, நியூட்டன் விசை. 500 கிராம் என்றால் சுமார் 4.9 நியூட்டன். பேச்சு வழக்கில் கிராம் என்றே வைத்துக்கொள்வோம், இன்று மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

கற்பனை செய்ய ஒரு வழி சொல்கிறேன். அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தில் ஒரு நூலைக் கட்டி ஆள்காட்டி விரல் நுனியில் மாட்டித் தூக்குங்கள். அதுதான் ஒலிம்பிக் ஏர் பிஸ்டலின் ட்ரிகர் எடை. அதே மாதிரி ஐந்து பொட்டலத்தை ஒரே நூலில் தொங்கவிட்டால் கடையில் வாங்கும் சாதாரண க்ளாக் பிஸ்டலின் எடை, சுமார் 2.5 கிலோ. கிட்டத்தட்ட பதினொரு பொட்டலம் தொங்கவிட்டால் நியூயார்க் நகரப் போலீஸ் பல வருடம் வைத்திருந்த பிஸ்டலின் எடை, 12 பவுண்டு. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

எண் மட்டும் போதாது. விரல் எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதும் முக்கியம். வேலை என்பது விசை பெருக்கல் தொலைவு. சுத்தியலை முன்னாலேயே பின்னுக்குத் தள்ளி வைத்த பிஸ்டலில் இரண்டு கிலோ விசையில் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலே குண்டு போய்விடும். பழைய போலீஸ் ரிவால்வரில் சுத்தியலைத் தொடாமல் நேரடியாக ட்ரிகரை இழுத்தால், ஐந்து கிலோ அளவில், ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் விரல் பயணம் செய்ய வேண்டும். கணக்குப் போட்டால் இரண்டாவதில் விரல் செய்யும் வேலை பத்து மடங்குக்கும் மேல். ஆகவே "என் துப்பாக்கி இத்தனை கிலோ" என்று ஒருவர் சொன்னால், "எத்தனை மில்லிமீட்டர்?" என்றும் கேட்க வேண்டும்.

இனி பாப்பாவின் கேள்வி.

சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பின் விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தபட்ச ட்ரிகர் எடை 500 கிராம். 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1,000 கிராம். 2024 ஜூலை 28 அன்று பாரிஸில் மனு பாகர் வெண்கலம் வாங்கினாரே, அவர் கையில் இருந்த பிஸ்டலுக்கும் அதே 500 கிராம் விதிதான். 2012 லண்டனில் விஜய் குமார் 25 மீட்டர் ரேப்பிட் ஃபயரில் வெள்ளி வாங்கியபோது ஆயிரம் கிராம். 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு மட்டும் குறைந்தபட்சம் என்று ஒன்று கிடையாது. அபினவ் பிந்த்ரா 2008-ல் தங்கம் வாங்கியது அந்தப் பிரிவில்தான். பெற்றோர் பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பக்கத்து லேனில் ரைஃபிள் சுடும் பிள்ளையின் ட்ரிகரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அவனுக்கு மட்டும் பூ மாதிரி இருக்கே" என்கிறார்கள். அது வேறு போட்டி, வேறு விதி.

சோதனை எப்படி நடக்கும் தெரியுமா? நம் பள்ளி ஆய்வகம் போலவேதான். 500 கிராம் எடைக்கல் ஒன்று மேசை மேல் இருக்கும். பிஸ்டலின் குழல் செங்குத்தாக இருக்கும்படி பிடித்து, எடைக்கல்லின் விளிம்பை ட்ரிகரின் நடுப்பகுதியில் மாட்டி, மெதுவாக மேலே தூக்க வேண்டும். கல் மேசையை விட்டு எழும்பியும் ட்ரிகர் விடுபடக் கூடாது. மூன்று முயற்சி தருவார்கள். மூன்றிலும் எடை நிற்கவில்லை என்றால் பிஸ்டலைச் சரி செய்து எடுத்து வர வேண்டும். காற்றழுத்தப் பிஸ்டல் என்றால் காற்றைச் செயல்படுத்திய நிலையில்தான் சோதனை. போட்டி முடிந்த பிறகும் குலுக்கல் முறையில் சிலரைக் கூப்பிட்டு மறுபடி தூக்கிப் பார்ப்பார்கள். அப்போது நிற்கவில்லை என்றால் தகுதி நீக்கம். அறுபது குண்டும் பத்திலேயே விழுந்திருந்தாலும் ஒன்றும் கிடையாது.

ட்ரிகரின் "நடுப்பகுதி" என்று விதியில் ஏன் சொல்லியிருக்கிறது? ஒன்பதாம் வகுப்புத் திருப்புத்திறன் பாடம். ட்ரிகர் மேலே ஒரு அச்சில் தொங்குகிறது. அச்சிலிருந்து தள்ளிக் கீழ்நுனியில் விரல் வைத்தால் குறைந்த விசை போதும். மேலே வைத்தால் அதிகம் வேண்டும். அதனால்தான் ஒரே பிஸ்டல் ஒருநாள் லேசாகவும் மறுநாள் இறுக்கமாகவும் தெரிகிறது. பாப்பாவின் "டைட்" பிரச்சினையில் பாதி இதுதான். நேரில் வந்தபோது பார்த்தேன். அவள் விரல் சின்னது, கைப்பிடி பெரியது. எட்டிப் பிடிப்பதால் விரல் நுனி மட்டும் ட்ரிகரின் மேற்பகுதியில் ஓரமாகப் படுகிறது. ட்ரிகர் நாக்கைப் பின்னால் நகர்த்தி, விரலின் முதல் கணுவுக்கு முன்னால் உள்ள சதைப்பகுதி நடுவில் படும்படி வைத்தோம். எடையை ஒரு கிராம்கூடக் குறைக்கவில்லை. "தாத்தா, இப்ப லூசா இருக்கு!" என்றாள்.

மீதிப் பாதி, எடையை எப்படிப் பங்கிடுவது என்பது. போட்டிப் பிஸ்டல்களில் ட்ரிகர் இரண்டு கட்டமாக வரும். முதல் கட்டத்தில் விரல் ஒரு சுவரில் போய் முட்டுவது போல நிற்கும். இரண்டாவது கட்டத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் விடுபடும். மொத்தம் 500 என்றாலும் முதல் கட்டத்திலேயே 350, 400 கிராமை வைத்துவிட்டால் கடைசியில் மிச்சம் நூறு, நூற்றைம்பதுதான். சுடும் பிள்ளைக்கு லேசாகத் தெரியும், விதியும் மீறப்படாது. ஆனால் கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு அந்தச் சுவர் நன்றாகத் தெரிய வேண்டும். அதனால் இரண்டாவது கட்டத்தை ரொம்ப மெலிதாக்க வேண்டாம் என்று சொன்னேன். மொத்தத்தை 500-க்குச் சற்று மேலே, 510 அல்லது 520-ல் வைத்துக்கொள்வது அனுபவசாலிகள் வழக்கம். ஆடி ஓடிப் பயணம் செய்ததில் ஸ்ப்ரிங் கொஞ்சம் மாறினாலும் எடைக்கல் நிற்கும்.

"பயிற்சிக்கு மட்டும் 350 வைத்துக்கொண்டு, போட்டிக்கு 500-க்கு மாற்றிக்கொள்ளலாமே" என்று அப்பன் கேட்டான். கூடாது. விரல் ஒரு நினைவுப் புத்தகம். 350-ல் பழகிய விரல் போட்டி அன்று 350 வந்ததும் குண்டு போகும் என்று எதிர்பார்க்கும். போகாது. உடனே பதறி ஒரு வெட்டு வெட்டும். அந்த வெட்டில் பிஸ்டல் நகரும்.

எவ்வளவு நகர்ந்தால் என்ன நட்டம் என்று ஒரு கணக்கு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 350 மில்லிமீட்டர். இலக்கு 10,000 மில்லிமீட்டர் தூரத்தில். ட்ரிகரை வெட்டியதில் முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், வடிவொத்த முக்கோணங்களின்படி இலக்கில் 10,000 வகுத்தல் 350, சுமார் 29 மில்லிமீட்டர் விலகல். ஏர் பிஸ்டல் இலக்கில் பத்து வட்டத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர்தான். வளையத்துக்கு வளையம் 8 மில்லிமீட்டர். ஆக, பத்தில் விழ வேண்டிய குண்டு ஏழில் விழும். ஒரு மில்லிமீட்டருக்கு மூன்று மதிப்பெண்! பாப்பாவிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். முக்கோணம் எதற்குப் படிக்கிறோம் என்று இனிமேல் கேட்க மாட்டாள்.

இதில்தான் "வசதி" என்ற சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறது. வசதி என்றால் லேசு என்று நினைக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே அளவில், நெருடல் இல்லாமல் விடுபடுவதுதான் வசதி. 75 நிமிடத்தில் 60 குண்டு சுட வேண்டும். சரியில்லை என்று தோன்றினால் கையை இறக்கிவிட்டு மறுபடி தூக்க வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள பிஸ்டலை ஒற்றைக் கையில் நூறு தடவைக்கு மேல் தூக்குகிறாள். களைத்துப்போன எழுபதாவது நிமிடத்திலும் விரலுக்குத் தெளிவாகத் தெரிகிற ட்ரிகர்தான் நல்ல ட்ரிகர். மிக லேசாக இருந்தால், களைத்த விரல் தொட்டதுமே மனசு சொல்லும் முன் குண்டு போய்விடும். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, குண்டு இல்லாமல், வெறும் வெள்ளைத் தாளைப் பார்த்து ட்ரிகரை விடுவியுங்கள். விடுபடும் நொடியில் முன் சைட் அசையாமல் நிற்கிறதா? நின்றால் அந்த எடை உங்களுக்குச் சரி. அசைந்தால், ட்ரிகரைத் திருத்துவதற்கு முன் பிடியையும் விரலையும் திருத்துங்கள்.

இனி ஹூஸ்டன்.

மருமகனுக்கு நான் சொன்ன பதில் வேறு. அவன் விளையாட்டுக்காக வாங்கவில்லை. ரேஞ்சில் சுடுகிறவன் கையில் பிஸ்டல் இருக்கும்போது குழல் எப்போதும் இலக்கைப் பார்த்துத்தான் இருக்கும், பின்னால் மண்மேடு இருக்கும், ரேஞ்ச் ஆபீசர் இருப்பார். வீட்டில் இது எதுவும் கிடையாது. அங்கே துப்பாக்கியை எடுக்கிற நேரம் நடுராத்திரி, தூக்கக் கலக்கம், பயம், இருட்டு, பக்கத்து அறையில் பிள்ளை. அந்தக் கைக்கு அரைக் கிலோ ட்ரிகர் கூடாது, ஒரு கிலோவும் கூடாது. தயாரிப்பாளர் வைத்துக் கொடுத்த 2.5 கிலோவை மாற்றாதே என்றேன்.

"அப்படின்னா இன்னும் ஹெவியா வச்சா இன்னும் சேஃப்தானே மாமா?" என்று மடக்கினான். வாத்தியார் வீட்டு மருமகன், கேட்கத்தான் செய்வான். நல்ல கேள்வி. இதற்குப் பதில் நியூயார்க்கில் இருக்கிறது.

1993-ல் நியூயார்க் போலீஸ் ரிவால்வரிலிருந்து தானியங்கிப் பிஸ்டலுக்கு மாறத் தொடங்கியது. ரிவால்வரின் கனமான, நீளமான ட்ரிகருக்குப் பழகிய விரல்கள், புதுப் பிஸ்டலின் லேசான ட்ரிகரில் தவறுதலாகச் சுட்டுவிடுமோ என்று பயம். அதனால் கனமான ஸ்ப்ரிங் போட்டார்கள். அந்தப் பாகத்துக்கே "நியூயார்க் ட்ரிகர்" என்று பெயர் வந்துவிட்டது. 12 பவுண்டு, 5.4 கிலோ.

2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே, ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு வந்த ஆளை இரண்டு போலீஸ்காரர்கள் சில அடி தூரத்தில் எதிர்கொண்டார்கள். 16 குண்டு சுட்டார்கள். அந்த ஆள் இறந்தான். கூடவே வழிப்போக்கர்கள் ஒன்பது பேர் போலீஸ் குண்டுகளாலும் சிதறல்களாலும் காயப்பட்டார்கள். பதற்றம், கூட்டம், பயிற்சி எனப் பல காரணங்கள் பேசப்பட்டன. அவற்றில் ஒன்று அந்தக் கனமான ட்ரிகர். முழுக்க ஒரு கிலோகூட இல்லாத பிஸ்டலை, ஐந்து கிலோவுக்கு மேல் விசை கொடுத்து இழுத்தால் எது நகரும்? பிஸ்டல்தான் நகரும். சுட்ட குண்டு நினைத்த இடத்துக்குப் போகாவிட்டால் அதுவும் ஆபத்துதானே?

சரி, குறி தவறினாலும் தானாக வெடிக்காமலாவது இருக்குமா? 2014 நவம்பரில் புரூக்ளினில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் இருட்டு மாடிப்படியில் இளம் போலீஸ்காரர் ஒருவர் பிஸ்டலைக் கையில் பிடித்தபடி ரோந்து போனார். ஏதோ சத்தம் கேட்டது, உடம்பு இறுகியது, துப்பாக்கி வெடித்தது என்று பிறகு நீதிமன்றத்தில் சொன்னார். குண்டு சுவரில் பட்டுத் திரும்பி, கீழ்த்தளப் படியில் நின்ற 28 வயது இளைஞரைக் கொன்றது. அவர் ஒரு தப்பும் செய்யாதவர். வழக்கில் ஜூரிகள் அதே ட்ரிகரைத் தங்கள் விரலால் இழுத்துப் பார்த்தார்கள். எவ்வளவு கனம் என்று அவர்களுக்கே தெரிந்தது. 2016-ல் குற்றவாளி என்று தீர்ப்பு சொன்னார்கள். ஐந்து கிலோ ட்ரிகர் அந்த உயிரைக் காப்பாற்றவில்லை.

உடலியல் இதற்குக் காரணம் சொல்கிறது. ரோஜர் எனோகா என்ற அமெரிக்க உடலியல் ஆராய்ச்சியாளர், நினைக்காமலே விரல் இறுகும் மூன்று சந்தர்ப்பங்களை விளக்கியிருக்கிறார். திடுக்கிடும்போது. கால் தடுக்கிச் சமநிலை தவறும்போது. ஒரு கை எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது மறு கையும் கூடவே இறுகுவது. இந்த மூன்றாவதை இப்போதே செய்து பார்க்கலாம். இடது கையால் ஒரு டப்பா மூடியை முழு பலத்தோடு திறந்துகொண்டே வலது கை விரல்களைக் கவனியுங்கள். இடது கையால் டார்ச் பிடித்து, கதவைத் தள்ளி, பிள்ளையை இழுத்து நிறுத்துகிற நேரத்தில் வலது கையில் பிஸ்டல் இருந்தால் என்ன ஆகும்? அப்படி இறுகும் விரலுக்கு இரண்டரைக் கிலோவும் ஒன்றுதான், ஐந்து கிலோவும் ஒன்றுதான்.

ஆகவே ட்ரிகர் எடை ஒரு பூட்டு அல்ல. சுட முடிவு செய்த பிறகே விரல் ட்ரிகருக்குப் போக வேண்டும், அதுவரை பிஸ்டலின் பக்கவாட்டில் நீட்டியபடி இருக்க வேண்டும் என்ற பழக்கம்தான் பூட்டு. என்.சி.சி.யில் என்னிடம் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும், விரல் உள்ளே இருந்ததைப் பார்த்தால் அன்றைக்கு அந்தப் பையனுக்கு ஃபைரிங் கிடையாது. அழுதாலும் கிடையாது.

இப்போது முக்கியமான விஷயம். மருமகன் சொன்னான்: "பையனுக்கு நாலு வயசுதான் மாமா. அவனால இத இழுக்கவே முடியாது."

1995-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் இதையே சோதித்து, மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பிள்ளைகள் இரண்டு விரலால் ட்ரிகரை இழுக்கும் பலத்தை அளந்தார்கள். 10 பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ விசையை, 3 முதல் 4 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் கொடுத்தார்கள். 5, 6 வயதில் நூற்றுக்கு 70 பேர். 7, 8 வயதில் 90 பேர். அவனுடைய பிஸ்டல் 2.5 கிலோ. அவன் மாற்ற நினைத்தது அதில் பாதி.

இந்த எண்களை நான் சொன்னதும் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. பெரியவர்கள் ஆள்காட்டி விரல் ஒன்றால் இழுப்பதைக் கற்பனை செய்கிறோம். பிள்ளை அப்படியா இழுக்கும்? பிஸ்டலைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு கட்டைவிரலையும் ட்ரிகரில் வைத்து, முழு உடம்போடு தள்ளும். குழல் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

எந்த எடையும் பிள்ளையைத் தடுக்காது. குண்டை வெளியே எடுத்து, பிஸ்டலைப் பெட்டகத்தில் பூட்டி, தோட்டாவை வேறு இடத்தில் பூட்டி, சாவியைப் பிள்ளை பார்க்காத இடத்தில் வைப்பதுதான் தடுக்கும். அலமாரி மேல்தட்டு, தலையணை அடி, மனைவியின் கைப்பை, இவை எதுவும் பூட்டு அல்ல. டெக்ஸாஸ் சட்டத்திலும், குண்டு நிரப்பிய துப்பாக்கியைச் சிறுவர் கைக்கு எட்டும்படி அஜாக்கிரதையாக வைப்பது குற்றம். நம் ஊரில் லைசென்ஸ் வாங்கவே எத்தனை கதவு தட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே எளிதாகக் கிடைத்துவிடுவதாலேயே பொறுப்பு இரட்டிப்பாகிறது.

என்னைக் கேட்டால் சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் துப்பாக்கியே வேண்டாம் என்பேன். அவனிடமும் அப்படித்தான் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவன் மனைவி பேசினாள். பெட்டகம் வாங்கியாயிற்று, ஸ்ப்ரிங் ஆர்டரை ரத்து செய்தாயிற்று என்றாள். அவளிடமும் ஒன்று சொன்னேன். வீட்டில் ஒரு கருவி இருக்கிறது என்றால் அதைத் தொடப் போகும் இருவரும் ரேஞ்சுக்குப் போய்ப் பயிற்சியாளரிடம் பழக வேண்டும். அவனுக்குப் பொருந்தும் ட்ரிகர் அவளுக்குப் பொருந்தாமல் போகலாம். விரல் நீளம், பிடி பலம், மூட்டு வலி எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. கனமாகத் தெரிந்தால், ஸ்ப்ரிங்கை மாற்றுவதற்கு முன் கைக்கு அடக்கமான வேறு மாதிரியை ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்கட்டும். அங்கே அந்த வசதி உண்டு. ட்ரிகருக்குள் கை வைக்கிற வேலை தயாரிப்பாளரோ தேர்ந்த துப்பாக்கி மெக்கானிக்கோ செய்ய வேண்டியது. வீடியோ பார்த்துச் செய்கிற வேலை அல்ல.

உள்ளே எத்தனை விஷயம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லி முடிக்கிறேன். 2017-ல் சிக் சாவர் நிறுவனத்தின் பி320 பிஸ்டல், குறிப்பிட்ட கோணத்தில் பின்பக்கமாகக் கீழே விழுந்தால் வெடிக்கிறது என்று தெரியவந்தது. காரணம் நியூட்டனின் முதல் விதி. பிஸ்டல் தரையில் மோதி நின்றுவிடுகிறது. ஆனால் ட்ரிகர் என்ற துண்டு தன் நிலைமத்தால் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. அதாவது யாருடைய விரலும் இல்லாமல் ட்ரிகர் தன்னைத்தானே இழுத்துக்கொள்கிறது. நிறுவனம் செய்த திருத்தத்தில் ஒன்று, ட்ரிகர் துண்டையே நிறை குறைந்ததாக மாற்றியது. கவனியுங்கள்: இழுக்கும் எடை வேறு, ட்ரிகர் துண்டின் சொந்த நிறை வேறு. முதலாவது குறைந்தால் ஆபத்து கூடலாம். இரண்டாவது குறைந்ததால் ஆபத்து குறைந்தது. தேர்ந்த பொறியாளர்கள் செய்த கருவியிலேயே இப்படி ஒன்று ஒளிந்திருந்தது என்றால், சமையலறை மேசையில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்காருகிறவருக்கு என்னென்ன காத்திருக்கும்?

சுருக்கமாக எழுதி வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு:

1. ஏர் பிஸ்டல் விளையாட்டுக்கு 500 கிராமுக்குச் சற்று மேலே. 25 மீட்டருக்கு 1,000 கிராமுக்குச் சற்று மேலே. பயிற்சிக்கும் போட்டிக்கும் ஒரே எடை.

2. "டைட்" என்று பிள்ளை சொன்னால் முதலில் பிடி, அடுத்தது விரல் படும் இடம், கடைசியாகத்தான் ஸ்க்ரூ.

3. பாதுகாப்புக்கு என்று வைத்திருக்கும் பிஸ்டலில் தயாரிப்பாளர் வைத்த எடையைக் குறைக்காதீர்கள். கூட்டினால் பாதுகாப்பு என்றும் நம்பாதீர்கள்.

4. சுட முடிவு செய்யும் வரை விரல் வெளியே.

5. பிள்ளை இருக்கும் வீட்டில் ட்ரிகர் எடையைப் பற்றி யோசிக்கும் முன் பூட்டைப் பற்றி யோசியுங்கள்.

என் மாணவர்களில் காவல்துறையிலும் ராணுவத்திலும் இருப்பவர்கள் இருபது பேராவது இதைப் படிப்பீர்கள். உங்கள் விரல்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். விட்டுப்போனது இருந்தால் கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கும் பயன்படும். பிள்ளைகளை இந்த விளையாட்டில் சேர்க்க நினைக்கிறவர்கள் பிஸ்டலை வாங்கிவிட்டு வராதீர்கள். முதலில் பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு ஞாயிறு காலை ஏழு மணிக்கு ரேஞ்சுக்கு வாருங்கள். கிளப் பிஸ்டல் இருக்கிறது. கையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.